ஆரோக்கியமானவர்களுக்கு மட்டும்

கர்க்கடக மாதம், அதாவது மலையாளத்து ஆடி, பிறந்துவிட்டால் திருவனந்தபுரத்தில் தும்மாத இடம் கிடையாது. பஸ்ஸில் தும்முவார்கள், பாங்கில் தும்முவார்கள், சாலைக் கடைத்தெருவில் மிளகாய் மண்டிப் பக்கமே போகாதவர்களும் தும்முவார்கள். மழை நிற்காது, தும்மலும் நிற்காது. அந்த மாதம் முழுக்க ஒருவர்கூடத் தும்மாத கட்டடம் இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஊருக்கு வெளியே ஒரு குன்றின்மேல் நிற்கும் அகில சுவாச வைரஸ் நிவாரண ஆய்வு நிலையம். இதை நிலையத்தார் பாராட்டாக எடுத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மூச்சுக்குழாயைப் பிடிக்கிற வைரஸ்கள் அத்தனைக்கும் ஒரே மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்பது நிலையத்தின் நோக்கம். அந்த ஒரே நோக்கத்துக்காகவே நிலையத்தை ஆரம்பத்திலேயே வைரஸ் வாரியாகப் பிரித்துவிட்டார்கள். தரைத்தளம் இன்ஃப்ளூயன்சா துறை. அதற்கு மேலே கொரோனா துறை. அதற்கும் மேலே ரைனோ துறை. சாதாரண ஜலதோஷம் அவர்களுடையது என்பதால் மற்றத் துறைக்காரர்கள் அவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார்கள். ஒவ்வொரு துறைக்கும் தனித் தலைவர், தனிப் படிக்கட்டு, தனிக் காபி. ஒரு துறைக்காரர் இன்னொரு துறையின் படியில் ஏறுவதில்லை.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நிலையத்தில் எதிர்பாராத ஒரு விபத்து நடந்தது. மருந்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

வலியசாலையில் குடியிருப்போர் சங்கக் கூடத்தில் நிலையத்தின் இயக்குநர் டாக்டர் கிருஷ்ணகுமார் அதைப் பற்றிப் பேசினார். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர்களில் வெங்கடசுப்ரமணியன் ஒருவர். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறர் சொல்வதை அப்படியே நம்புகிற வழக்கம் உள்ளவர். அந்த ஆபீஸில் அப்படி ஒருவர் எப்படிக் காலம் தள்ளினார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

"ஒவ்வொரு வைரஸும் வேற வேற வாசல் வழியா வரும், கேட்டோ," என்றார் கிருஷ்ணகுமார். "ஆனா உள்ள வந்தா எல்லாம் நம்ம அடுக்களையிலதான் சமையல் பண்ணும். நம்ம மருந்து அடுக்களையைப் பூட்டிடும். வந்தது யாருன்னு கேட்க வேண்டிய ஆவசியமே இல்லை. முதல் ரெண்டு நாளைக்குள்ள கொடுத்தாப் போதும்."

கூடம் கைதட்டியது. வெங்கடசுப்ரமணியன் தட்டவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார்.

காரணம் சீதாலக்ஷ்மி. அவர் மனைவிக்கு ஆஸ்துமா. மற்றவர்களுக்கு மூக்கோடு போகிற ஜலதோஷம் சீதாலக்ஷ்மிக்கு நேரே நெஞ்சுக்கு இறங்கிவிடும். போன கர்க்கடகத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் அவள் ஒவ்வொரு மூச்சுக்கும் தோளைத் தூக்குவதைப் பார்த்தார். இன்னொரு தடவை இப்படி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதனால் வெங்கடசுப்ரமணியனுக்கு அந்தப் பேச்சு பேச்சாகக் கேட்கவில்லை, வரமாகக் கேட்டது.

கர்க்கடகம் வந்தது. ஒரு நாள் காலையில் சீதாலக்ஷ்மி பூப்பறித்துக்கொண்டிருந்தபோது தும்மினாள். இரண்டாவது தும்மலுக்கு முன்பே வெங்கடசுப்ரமணியன் ஆட்டோ கூப்பிட்டுவிட்டார்.

நிலையத்தின் வாசலில் இசக்கி நின்றிருந்தான். நாகர்கோவில் பக்கத்துக்காரன், காவல் வேலை.

"சாமி, அம்மாவுக்குச் சொமை உண்டா?"

"இருமல் இல்லைப்பா. ஜலதோஷம்தான். அதுக்குத்தானே வந்திருக்கோம்."

"சொமை, தும்மல், மூக்கொழுக்கு, ஏதாவது இருந்தா உள்ள விடப்படாது. டைரக்டர் சாரு ஆர்டர். உள்ளாற எல்லாரும் நல்ல சுகமா இருக்கப்பட்டவுங்க."

"இது ஜலதோஷத்துக்கு மருந்து கண்டுபிடிக்கிற இடம் அல்லே?"

"ஆமா. அதனாலதான் சாமி இம்புட்டு ஜாக்கிரதை."

வெங்கடசுப்ரமணியனுக்கு இதில் ஏதோ நியாயம் இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும் பட்டது. மனைவியை ஆட்டோவிலேயே உட்காரவைத்துவிட்டுத் தான் மட்டும் உள்ளே போனார். அவருக்கு ஒரு தும்மலும் இல்லாததால் இசக்கி சல்யூட் வைத்து அனுப்பினான்.

உள்ளே போனவரிடம் எல்லோரும் அன்பாகவே பேசினார்கள். நர்ஸ் அஞ்சு வாசலுக்கே வந்து, ஆட்டோவுக்குள் குனிந்து, சீதாலக்ஷ்மியின் மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டு மாதிரி எடுத்துக்கொண்டு போனாள். என்ன வைரஸ் என்று தெரிந்தால்தான் எந்தத் துறை என்று தெரியும், எந்தத் துறை என்று தெரிந்தால்தான் மருந்து எழுத முடியும் என்றாள்.

"எல்லா வைரஸுக்கும் ஒரே மருந்துதானே அம்மா?"

"மருந்து ஒண்ணுதான் சார். துறைதான் வேற வேற."

"முடிவு எப்போ வரும்?"

"ஒரு வாரம் ஆகும்."

"அதுக்குள்ள ஜலதோஷமே போயிடுமே."

"போயிட்டா மருந்து எதுக்கு சார்?" என்று கேட்டாள் அஞ்சு. கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே சந்தோஷப்பட்டுத்தான் கேட்டாள்.

அவர் இன்ஃப்ளூயன்சா துறைத் தலைவரைப் பார்த்தார். வைரஸ் தன் துறையுடையது என்று நிரூபணமானால் உயிரையும் கொடுப்பதாக அவர் சொன்னார். கொரோனா துறைத் தலைவர், தன் வைரஸுக்கு இப்போது பழைய மதிப்பு இல்லை, ஒரு காலத்தில் மந்திரிகளே போன் பண்ணுவார்கள் என்று நெடுநேரம் வருத்தப்பட்டார். வெங்கடசுப்ரமணியன் ஆறுதல் சொல்லிவிட்டு மேலே ஏறினார். ரைனோ துறைத் தலைவர்தான் மனதில் இருந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

"சுவாமி, நான் ஒரு காரியம் கேக்கட்டே? எங்க வைரஸை மட்டும் கொல்லுற மருந்துன்னா அது எங்க மருந்து. எல்லா வைரஸையும் கொல்லுறதுன்னா அது யாரோட மருந்து? நாளைக்கு அது பிரயோஜனப்பட்டா இந்த மூணு மாடி எதுக்குன்னு கேப்பான். ஒரு மாடி போதும்பான். நான் எங்க போவேன்? எனக்கு ரைனோவை விட்டா வேற ஒண்ணும் அறியாது."

அவர் கண் கலங்கியிருந்தது. வெங்கடசுப்ரமணியனுக்கும் பாவமாக இருந்தது. கீழே ஆட்டோவில் சீதாலக்ஷ்மி இருமத் தொடங்கியிருந்தாள்.

அந்த நேரத்தில் ஒரு தள்ளுவண்டியில் காபி வந்தது. ஒவ்வொரு கோப்பையின் தட்டிலும், மற்ற இடங்களில் பிஸ்கட் இருக்கும் இடத்தில், பட்டாணி அளவில் ஒரு வெள்ளை மாத்திரை இருந்தது. தலைவர் அதை வாயில் போட்டுக் காபியைக் குடித்தார். வண்டி தள்ளி வந்தவரும் ஒன்று போட்டுக்கொண்டார்.

"இது என்ன சார்?"

"இதுவா? இதான் மருந்து," என்றார் தலைவர்.

வெங்கடசுப்ரமணியன் அதற்குப் பிறகு எப்படி இயக்குநர் அறைக்குப் போனார் என்று அவருக்கே நினைவில்லை. கிருஷ்ணகுமார் அவரை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். நாட்டுக்கு உழைக்கிற மனிதர்களுக்கு எப்போதும் பொறுமை அதிகம்.

"புது மருந்துன்னா முதல்ல சுகமா இருக்கறவங்களுக்குக் கொடுத்துப் பார்க்கணும் சுவாமி. அதான் முதல் கட்டம். அது பாதுகாப்புச் சோதனை. வெளியாளுகளை ஆபத்துல விடப்படாதுன்னு நாங்களே முன்வந்தோம். நான், துறைத் தலைவர்மார், அவங்க வீட்டுக்காரங்க, குழந்தைங்க, டிரைவர்மார், எல்லாரும் உடம்பைக் கொடுத்திருக்கோம். தியாகம்னு நான் சொல்லமாட்டேன்."

"எத்தனை நாளா சார்?"

"வருஷங்களா. பாதுகாப்பு விஷயத்துல அவசரப்படப்படாது அல்லே? ஒவ்வொரு கர்க்கடகத்துக்கு முன்னாலயும் நீட்டிச்சுட்டே வரோம்."

"யாருக்காவது ஜலதோஷம் வந்துதா?"

"ஒருத்தருக்கும் இல்லை," என்றார் இயக்குநர் பெருமையாக. உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். "ஆனா அதை ஆதாரமா எடுத்துக்கப்படாது, கேட்டோ. அவங்கெல்லாம் ஏற்கெனவே ஆரோக்கியமானவங்க. விஞ்ஞானம்னா ஒரு மரியாதை வேணும்."

நோயாளிகளுக்குக் கொடுக்கிற இரண்டாம் கட்டம் எப்போது என்று கேட்டார் வெங்கடசுப்ரமணியன். எந்தத் துறை நடத்துவது என்று முடிவானதும் என்றார் இயக்குநர்.

வெங்கடசுப்ரமணியன் எழுந்து வாசல்வரை வந்தார். அங்கே நின்றார். வாழ்நாளில் முதன்முறையாக அவருக்கு ஒரு குயுக்தி தோன்றியது.

"சார், எனக்கு ஒரு வியாதியும் இல்லை," என்றார்.

இயக்குநர் அவரை மேலும் கீழும் பார்த்தார். நீட்டிப்புக்குப் புது ஆட்கள் தேவைப்பட்ட சமயம் அது. பத்தே நிமிஷத்தில் அவரை ஆரோக்கியமானவராகச் சேர்த்துக்கொண்டார்கள். எந்தத் துறை என்று யாரும் கேட்கவில்லை. நோயில்லாதவனுக்குத் துறை கிடையாது.

மாத்திரையை வீட்டுக்குத் தரமாட்டார்கள். தினமும் வந்து அஞ்சுவின் முன்னால் விழுங்க வேண்டும். விழுங்கியதும் அவள், "வாயைத் திறங்க சார். நாக்கைத் தூக்குங்க," என்பாள். டார்ச் அடித்துப் பார்ப்பாள். சரி என்று தலையாட்டுவாள்.

இந்த இடத்தில் அஞ்சுவுக்குத் தெரியாத ஒன்று உண்டு. வெங்கடசுப்ரமணியன் உத்தியோகத்தில் இருந்த காலம் பூராவும் வெற்றிலை போட்டவர். ஆபீஸில் துப்ப முடியாது. அதனால் இடது கன்னத்தின் கடைக்கோடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு மேனேஜரோடு வாதம் பண்ணுவார், போன் பேசுவார், பிரிவுபசார விழாவில் வாழ்த்துரைகூட வழங்கினார். கன்னத்தில் இருப்பது இருந்த இடத்தை விட்டு நகராது. அந்தப் பொந்து இப்போது காலியாகத்தான் இருந்தது.

ஆட்டோவில் திரும்பும் வழியெல்லாம் அவர் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, மாத்திரையைக் கையில் எடுத்து, குழாயடியில் கழுவி நீட்டினார்.

"ஏன்னா, என்னது இது? வாயிலேர்ந்து எடுக்கறேளே."

"மருந்து. சாப்பிடு."

"எச்சிலா?"

சீதாலக்ஷ்மி எச்சில் விஷயத்தில் எப்படிப்பட்டவள் என்று அந்தத் தெருவுக்கே தெரியும். பால்காரன் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்தான் என்று பாலைக் கொட்டியவள். வெங்கடசுப்ரமணியன் நடந்ததை எல்லாம் சொன்னார். சொல்லி முடிக்கும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. "போன வருஷம் மாதிரி அந்தக் கண்ணாடிக்கு வெளியில நிக்க என்னால முடியாது சீதா," என்றார்.

அவள் மாத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி விசில் ஆரம்பித்திருந்தது.

"கல்யாணத்தன்னிக்கு உங்க எலையில சாப்பிட்டவதானே," என்று வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

மறுநாளும் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார்; விசில் குறைந்தது. அதற்கடுத்த நாள் வெந்நீர் போடுகிறேன் என்று அவளே அடுக்களைக்குப் போனாள். நெஞ்சுக்கு இறங்காமலே ஒரு ஜலதோஷம் அவளை விட்டுப் போனது அவர்கள் குடித்தனத்தில் அதுதான் முதல் தடவை. வெங்கடசுப்ரமணியன் பூஜை அறையில் போய் நின்றார். சந்தோஷத்தில் என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. சேர்ந்த கெடு முடியாததால் அதற்குப் பிறகும் போய் இரண்டு மாத்திரை கன்னத்தில் கொண்டுவந்தார். அவற்றைச் சீதாலக்ஷ்மி ஒரு சின்னச் சம்புடத்தில் போட்டுச் சாமி அலமாரியில் வைத்தாள்.

கடைசி நாள் பரிசோதனைக்குப் போனவர், அஞ்சுவின் முன்னால் வாயைத் திறந்தார். திறந்த வாயோடு தும்மினார்.

அந்தக் கட்டடத்தில் பல வருஷங்களுக்குப் பிறகு கேட்ட முதல் தும்மல் அது. தள்ளுவண்டி நின்றது. மூன்று படிக்கட்டுகளிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்து தூரத்தில் நின்று பார்த்தார்கள். மருந்து சாப்பிடாத ஒருவர், ஜலதோஷம் பிடித்த மனைவிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி கொடுத்தால் வேறு என்ன வரும்? ஆனால் மருந்து சாப்பிட்டவர் என்றல்லவா அவர் அங்கே அறியப்பட்டிருந்தார்.

அன்று மத்தியானமே அவசரக் கூட்டம். துறைத் தலைவர்கள் அனைவரும் முதல்முறையாக ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். வெங்கடசுப்ரமணியனை ஜன்னலுக்கு வெளியே நிற்கவைத்து விசாரித்தார்கள். மருந்து தோற்றுவிட்டது என்று ரைனோ தலைவர் சொன்னார். சொல்லும்போது முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. மற்றவர்களும் கனத்த மனதோடு ஆமோதித்தார்கள்.

வெங்கடசுப்ரமணியனுக்கு அப்போதுதான் உறைத்தது. மருந்தை நிறுத்தப் போகிறார்கள். அடுத்த கர்க்கடகத்துக்குச் சீதாவுக்கு ஒன்றும் இருக்காது.

"சார், நான் அதைச் சாப்பிடவே இல்லை," என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டார். கன்னம், ஆட்டோ, எச்சில், விசில், சம்புடத்தில் மீதி இரண்டு, எல்லாவற்றையும் கொட்டினார். "மருந்து வேலை செய்யறது சார். என் ஆம்படையா அடுப்படியில நின்னு சமைக்கறா. வந்து பாருங்கோ."

இன்ஃப்ளூயன்சா தலைவர் தொண்டையைச் செருமப் போய், தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று நிறுத்திக்கொண்டார். பிறகு இயக்குநர் பேசினார்.

"சுவாமி, உங்க சங்கடம் எனக்கு மனசிலாச்சு. ஆனா விஞ்ஞானத்துக்கு யார் சாப்பிட்டாங்கன்னு தெரியாது. யாருக்குக் கொடுத்தோம்னுதான் தெரியும்."

கூட்டத்தின் தீர்மானத்தை நான் அப்படியே தருகிறேன்: "மருந்து வழங்கப்பட்ட நபருக்கு ஜலதோஷம் வந்துள்ளது. மருந்து வழங்கப்படாத நபருக்கு ஜலதோஷம் போயுள்ளது. ஆகவே இம்மருந்தை வழங்காமல் இருப்பதே பயனளிப்பதாகத் தெரிய வருகிறது." மூன்று துறைகளும் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட முதல் தீர்மானம் இதுதான். சம்புடத்தில் இருக்கும் இரண்டைத் திரும்ப வாங்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். எச்சில் பட்ட பொருளை உள்ளே எடுக்க விதி இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

தோற்ற மருந்தை உடனே அழித்துவிட வேண்டும் என்பது விதி. நிலையத்தில் அழிப்புப் பிரிவு என்று ஒன்று இருந்தது. தொடங்கிய நாள் முதல் வேலை வராமல் காத்திருந்தவர்கள். இயக்குநர் நன்றியுரை சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் மொத்த இருப்பையும் உலையில் போட்டுவிட்டு வந்து கையெழுத்துக் கேட்டார்கள். அப்போதுதான் கிருஷ்ணகுமார் தன் மேஜை இழுப்பறையைத் திறந்து பார்த்தார். அதில் தனக்கென்று வைத்திருந்த மாத்திரைகளையும் சுத்தமாக எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

அடுத்த வாரம் கொரோனா துறையில் முதல் இருமல் கேட்டது. அதற்கு மறுநாள் எல்லாப் படிக்கட்டுகளிலும் கேட்டது. இருமுகிறவர்களை இசக்கி உள்ளே விடவில்லை. ஒரு கட்டத்தில் அவன் மட்டும்தான் கட்டடத்தில் இருந்தான். அவன் ஒரு காலத்திலும் மாத்திரை சாப்பிட்டவனில்லை. காவல்காரர்களை நிலையத்தார் சேர்க்கவில்லை.

இதற்கிடையில் சீதாலக்ஷ்மியின் பரிசோதனை முடிவு வந்தது. மாதிரி போதவில்லை, மீண்டும் ஜலதோஷத்தோடு வரவும் என்றது.

ஒரு நாள் சாயங்காலம் மழைக்கு நடுவில் வலியசாலை வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. கிருஷ்ணகுமார் இறங்கினார். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவரால் உடனே பேச முடியவில்லை. மூச்சை இழுக்கும்போது தோள் உயர்ந்தது. உள்ளே பூனைக்குட்டி கத்தியது. சின்ன வயதிலிருந்தே அவருக்கும் அந்த உபத்திரவம் உண்டாம். மாத்திரை தினமும் கிடைத்ததால் மறந்தே போயிருந்தது.

"இசக்கி உள்ள விடல்லை," என்றார்.

வெங்கடசுப்ரமணியன் மனைவியைப் பார்த்தார்.

"என்ன வைரஸ்னு தெரிஞ்சுதா சார்?" என்று கேட்டாள் சீதாலக்ஷ்மி.

"டெஸ்ட்டுக்குக் கொடுத்திருக்கு மாமி. ஒரு வாரம் ஆகும்னு சொன்னாங்க."

"அதுக்குள்ள போயிடுமே."

கிருஷ்ணகுமார் பதில் சொல்லப் பார்த்தார். பதில் சொல்லவும் மூச்சு வேண்டும். சீதாலக்ஷ்மி அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். உலகத்தில் அவளுக்குப் பிடிக்காத சத்தம் அது ஒன்றுதான். அது யார் நெஞ்சிலிருந்து வந்தாலும் அவளால் தாங்க முடியாது. உள்ளே போய்ச் சம்புடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"முன்னாடியே சொல்லிடறேன் சார். இது எச்சில் மாத்திரை. குன்றுலேர்ந்து இங்க வர வரைக்கும் இவர் வாயிலதான் இருந்தது. அப்போ இவருக்குத் தொண்டை கட்ட ஆரம்பிச்சாச்சு."

அகில சுவாச வைரஸ் நிவாரண ஆய்வு நிலையத்தின் இயக்குநர் கையை நீட்டினார். "பரவாயில்லை மாமி," என்றார்.

"ஒண்ணுதான் தருவேன். இன்னொண்ணு எனக்கு, அடுத்த கர்க்கடகத்துக்கு. ஒண்ணுல எவ்வளவு கேக்கும்னு தெரியாது. அதுக்கப்புறம் நீங்கதான் வழி பண்ணணும். எனக்கு இன்னும் கொஞ்ச காலம் மூச்சு விடணும்னு ஆசையா இருக்கு சார்."

"அது கமிட்டியில வெக்கணும்," என்றார் கிருஷ்ணகுமார், பழக்கதோஷத்தில்.

சீதாலக்ஷ்மி மாத்திரையை அவர் உள்ளங்கையில் போட்டாள். வெங்கடசுப்ரமணியன் டம்ளரில் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். இயக்குநர் விழுங்கினார். எழுந்திருக்கப் போனவரைக் கை காட்டி உட்காரவைத்துவிட்டு, அவள் கூடத்து விளக்கைப் போட்டாள்.

"வாயைத் திறங்கோ. நாக்கைத் தூக்குங்கோ."

அவர் தூக்கினார்.

"கன்னத்தையும் காட்டுங்கோ," என்றாள் சீதாலக்ஷ்மி. "அங்கதான் பார்க்கணும். உங்க ஆஸ்பத்திரியில அதை யாரும் பார்க்கறதில்லை."